அவெஞ்சர்ஸும் அட்வைஸ் வராத டிராஃப்டும்

(நம் சங்கத்தின் மாதாந்திர மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர முடியாதவர்களுக்காகச் சில இடங்களில் சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது மூத்த குடிமக்கள் வைப்புத்தொகை, வருமான வரி, நாமினி என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். முப்பத்தேழு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்த பி.காம். பட்டதாரியிடம் வேறென்ன இருக்கும்? "மார்வெல் படங்களைப் பற்றிப் பேசுகிறேன்" என்றதும் போனில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சார், குழந்தைகளுக்கா, பெரியவங்களுக்கா?" என்று கேட்டார்.

இருவருக்கும்தான் என்றேன். குழந்தைகளுக்கு இதில் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும், நான் தவறாகச் சொன்னால் அவர்கள் திருத்தலாம். "எப்பப் பார்த்தாலும் இந்தச் சண்டைப் படம்தான்" என்று சொல்லிவிட்டு ஹாலைக் கடந்துபோகும் என் வயதுக்காரர்கள்தான் இன்று நான் பிடித்து உட்கார வைக்க நினைப்பவர்கள். நானும் அப்படிக் கடந்துபோனவன்தான்.

என் மனைவி 2020 டிசம்பரில் காலமானார். உங்களில் பலர் அன்று வந்து நின்றீர்கள், கொரோனா காரணமாக வர முடியாதவர்கள் பால்கனியில் நின்றீர்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் இரண்டாம் அலை வந்தபோது மகளும் பேரனும் என்னோடு வந்து தங்கினார்கள். பேரனுக்கு அப்போது 11 வயது. காலையில் ஆன்லைன் வகுப்பு, மாலையில் மார்வெல். எனக்குப் போக வேறு இடம் இல்லை, ஹாலில் இருப்பது ஒரே சோபா. அதனால் நானும் பார்த்தேன்.

ஒருநாள் திரையில் வந்த ஒருவரைக் காட்டி, "டேய், இந்த ஆள் போன வாரம் பார்த்த படத்துல செத்துப்போனாரே?" என்று கேட்டேன்.

"அது படம் தாத்தா. இது டிவி சீரியல். இதுல அவரை உயிரோட கொண்டுவந்துட்டாங்க."

"சரி, படத்துல இருக்கறவங்களுக்கு அவர் உயிரோட இருக்கறது தெரியுமா?"

"தெரியாது."

"எப்பவுமேவா?"

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "எப்பவுமே" என்றான்.

எனக்குள் இருந்த பழைய கிளார்க் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். ஒரு கிளையில் பற்று விழுந்திருக்கிறது, எதிர்க் கிளையில் வரவு விழவே இல்லை! எங்கள் காலத்தில் இப்படி ஒரு பதிவு நின்றால் ஆடிட்டர் வீட்டுக்குப் போகவிட மாட்டார். அன்று மாலையே ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டேன். தேதி, படம் அல்லது தொடர், யார் வந்தார்கள், யாருக்கு என்ன தெரியும் என்று நான்கு பத்திகள்.

என் பேச்சு புரிய வேண்டுமானால் வங்கி விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு திருச்சியில் ஒருவர் பணம் கட்டி, சென்னையில் மாற்றிக்கொள்ள ஒரு டிராஃப்ட் வாங்குவார். திருச்சிக் கிளை அந்த டிராஃப்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, "இந்த எண்ணில், இந்தத் தொகைக்கு ஒரு டிராஃப்ட் கொடுத்திருக்கிறோம்" என்று சென்னைக் கிளைக்குத் தபாலில் ஒரு தாள் அனுப்பும். அதற்கு அட்வைஸ் என்று பெயர். டிராஃப்ட் வரும்போது சென்னைக் கிளை அட்வைஸோடு ஒத்துப்பார்த்துப் பணம் கொடுக்கும். நூற்றுக்கணக்கான கிளைகள், ஒவ்வொன்றும் மற்றவற்றின்மேல் எழுதும் பதிவுகள், எல்லாம் கடைசியில் ஒரே கணக்காக நேராக வேண்டும். இந்த ஒத்துப்பார்க்கும் வேலையில்தான் என் கண்பார்வை போனது.

மார்வெல் செய்ததும் இதுதான். ஒவ்வொரு படமும் ஒரு கிளை. ஒரு படத்தில் நடந்தது இன்னொரு படத்தில் பதிவாக வேண்டும்.

இந்த யோசனை சினிமாவில் தொடங்கியதல்ல. அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகங்களில் 1940-லேயே வந்துவிட்டது. டைம்லி காமிக்ஸ் என்ற நிறுவனம், பின்னாளில் அதுதான் மார்வெல், தன் ஹியூமன் டார்ச்சையும் நேமரையும் ஒரே கதையில் மோதவிட்டது. ஒருவர் நெருப்பு, மற்றவர் கடல். 1961-ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ஃபென்டாஸ்டிக் ஃபோர் கதையைத் தொடங்கிய பிறகு, ஸ்பைடர்மேன், ஹல்க், தோர் எல்லோரும் ஒரே உலகில், பெரும்பாலும் நியூயார்க் நகரைச் சுற்றியே இருப்பதாக எழுதினார்கள். ஒருவர் கதையில் பாலம் உடைந்தால் இன்னொருவர் அந்த வழியாகப் போக முடியாது. ஒரு புத்தகம் வாங்கிய பையன் மற்றதையும் வாங்குவான். வியாபாரமும் கற்பனையும் அன்றிலிருந்தே கூட்டாளிகள்.

அதைச் சினிமாவுக்குக் கொண்டுவந்த கதையில் ஒரு வங்கிக்காரனுக்குப் பிடித்த பகுதி இருக்கிறது. 1996-ல் மார்வெல் திவாலாகி நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டு நின்றது. பணத்துக்காகத் தன் பெரிய கதாபாத்திரங்களின் பட உரிமையை வெளியே கொடுத்துவிட்டது. ஸ்பைடர்மேன் சோனியிடம், எக்ஸ்-மென் ஃபாக்ஸிடம். அந்தப் படங்கள் நன்றாக ஓடின, லாபத்தின் பெரும்பங்கு மற்றவர்களுக்குப் போனது. 2005-ல் மார்வெல் ஒரு முடிவெடுத்தது. நாமே படம் எடுப்போம். பணம்? மெரில் லிஞ்ச் ஏற்பாட்டில் 525 மில்லியன் டாலர் கடன் வாங்கினார்கள். அடமானம் என்ன தெரியுமா? கதாபாத்திரங்கள்! கேப்டன் அமெரிக்கா, ஆன்ட்-மேன், டாக்டர் ஸ்ட்ரேஞ்ச், பிளாக் பாந்தர், ஷாங்-சி உட்படப் பத்துப் பெயர்களின் பட உரிமை. படங்கள் ஓடாவிட்டால் அவை கடன் கொடுத்தவர்களுக்கு.

நான் நகைக்கடன் கவுண்டரில் நான்கு வருடம் இருந்தவன். வீட்டில் கடைசியாக மிஞ்சிய நகையைக் கொண்டுவந்து வைப்பவரின் முகம் எனக்குத் தெரியும். பெரிய நகைகள் முன்பே போய்விட்டன. மிச்சம் இருந்த சின்னச் சின்ன நகைகளை வைத்து எடுத்த பணத்தில்தான் அவர்கள் கடை போட்டார்கள்.

2008 மே மாதம் 'அயர்ன் மேன்' வந்தது. ஜான் ஃபாவ்ரோ இயக்கம், ராபர்ட் டவுனி ஜூனியர் நடிப்பு. பெயர்களெல்லாம் ஓடி முடிந்த பிறகு ஒரு சிறு காட்சி. நிக் ஃப்யூரி என்ற ஒற்றைக்கண் மனிதர் (சாமுவேல் ஜாக்சன்) டோனி ஸ்டார்க் வீட்டு இருட்டில் நின்று, இந்த உலகில் நீ ஒருவன் மட்டும் இல்லை என்ற பொருளில் பேசி, அவெஞ்சர்ஸ் திட்டத்தைச் சொல்கிறார். ஒரு நிமிடம்கூட வராது. அதுதான் முதல் அட்வைஸ். அதே ஆண்டு வந்த ஹல்க் படத்தின் முடிவில் டோனி ஸ்டார்க் வந்தார். 2011-ல் தோர், கேப்டன் அமெரிக்கா. 2012-ல் 'தி அவெஞ்சர்ஸ்' படத்தில் எல்லாக் கணக்கும் ஒரே மேசையில் நேரானது. இதற்கிடையில், 2009-ல் டிஸ்னி 4 பில்லியன் டாலருக்குமேல் கொடுத்து மார்வெலையே வாங்குவதாக அறிவித்துவிட்டது. நகையை மீட்கும் கவலையும் தீர்ந்தது.

நம் ஊரிலும் இந்த முறை வந்துவிட்டது. 'கைதி', 'விக்ரம்', 'லியோ' பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். கடைசிக் காட்சியில் ஒரு குரல் கேட்டதும் தியேட்டர் எழுந்து நின்றதே, அதுவும் அட்வைஸ்தான்.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். சிக்கல் அங்கேதான்.

2013 செப்டம்பரில் அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 'ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்டு' தொடங்கியது. 'தி அவெஞ்சர்ஸ்' படத்தில் இறந்துபோன ஃபில் கோல்சன் என்ற அதிகாரிதான் அதில் தலைமைப் பாத்திரம். "எல்லாமே தொடர்புடையது" என்பதுதான் அவர்களுடைய விளம்பரம். ஆரம்பத்தில் அதை உண்மையாகவே செய்தார்கள். 2013 நவம்பரில் தோரின் இரண்டாம் படம் வந்தது, அதன் சண்டை லண்டனில் கிரீனிச்சில் முடிகிறது. அடுத்து வந்த தொடர் எபிசோடில் கோல்சனின் ஆட்கள் அங்கே போய் இடிபாடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் ஒரு வீட்டில், எச்சில் இலை எடுப்பது இன்னொரு வீட்டில் என்பதுபோல இருந்தது எனக்கு.

2014 ஏப்ரலில் நடந்தது இன்னும் பெரியது. கேப்டன் அமெரிக்காவின் இரண்டாம் படமான 'தி விண்டர் சோல்ஜர்' வெளியானது. ஷீல்டு என்ற அந்த அமைப்பே உள்ளுக்குள் எதிரிகளால் அரிக்கப்பட்டிருக்கிறது என்று அதில் தெரிந்து, அமைப்பு கவிழ்ந்தது. தொடரின் பெயரே அந்த அமைப்பின் பெயர்! படம் வந்த சில நாட்களிலேயே தொடரிலும் அமைப்பு கவிழ்ந்தது. கோல்சனின் குழுவில் எல்லோரும் நம்பிய ஒருவனே எதிரியின் ஆள் என்று வெளிப்பட்டது. நான் பார்த்த ஒத்துப்பார்த்தல்களிலேயே அழகானது அது. ஆனால் அதற்கு என்ன விலை பாருங்கள். படம் வரும்வரை அந்த ரகசியத்தைச் சொல்ல முடியாது. அதனால் முதல் பதினாறு எபிசோடுகள் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. தலைமை அலுவலகத்தின் சுற்றறிக்கை வரும்வரை கிளையில் எதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

அந்த உறவும் ஒருவழிப் பாதைதான். படத்தில் நடப்பதைத் தொடர் பதிவு செய்தது. தொடரில் நடந்ததைப் படம் திரும்பிப் பார்க்கவில்லை. கோல்சன் உயிரோடு இருப்பது கடைசிவரை அவெஞ்சர்ஸுக்குத் தெரியாது. காரணம் கதையில் இல்லை, அலுவலகத்தில் இருந்தது. படங்களுக்கு மார்வெல் ஸ்டுடியோஸ், தலைவர் கெவின் ஃபைகி. தொடர்களுக்கு மார்வெல் டெலிவிஷன், தலைவர் ஜெஃப் லோப். ஒரே பெயர்ப்பலகை, இரண்டு இலாகா. 2015-க்குப் பிறகு இரண்டும் வேறு வேறு மேலதிகாரிகளின்கீழ் போயின. வேலைமுறையும் வேறு. படம் இரண்டு வருடத்துக்கு முன்பே திட்டமாகிவிடும். 22 எபிசோடு தொடரோ, ஒருபக்கம் ஒளிபரப்பாகிக்கொண்டே மறுபக்கம் எழுதப்படும்.

கடைசியில் கணக்கு உடைந்தது. 2018-ல் 'இன்ஃபினிட்டி வார்' படத்தில் தானோஸ் விரலைச் சொடுக்கியதும் உலகத்து உயிர்களில் பாதி மறைந்துபோகிறது. 2019-ல் 'எண்ட்கேம்' வரும்வரை, கதைப்படி ஐந்து வருடம், அவர்கள் திரும்பவில்லை. 2019-ல் வந்த ஷீல்டு தொடரின் ஆறாவது பருவத்தில் இதைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாதி உலகம் காணாமல் போனதை ஒரு கிளை கவனிக்கவே இல்லை! என் நோட்டில் அந்த வரியைச் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் 'சஸ்பென்ஸ் கணக்கு' என்று குறித்தேன். எங்கே சேர்ப்பது என்று தெரியாத பதிவை நாங்கள் அதில்தான் போட்டு வைப்போம்.

தொடர்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2015-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'டேர்டெவில்' என்னை அசத்திவிட்டது. பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரின் கதை. குழந்தைகளுக்கு ஏற்றதல்ல, ரத்தம் அதிகம், பேரனைத் தூங்க வைத்துவிட்டுத்தான் பார்த்தேன். 'தி அவெஞ்சர்ஸ்' படத்தில் நியூயார்க் நகரக் கட்டடங்கள் பொலபொலவென்று சரியும், நாம் பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டே பார்ப்போம். அந்த இடிபாட்டுக்கு அப்புறம் என்ன ஆனது என்று யாராவது கேட்டோமா? இந்தத் தொடர் கேட்டது. மறுகட்டுமான ஒப்பந்தங்களில் பணம் பண்ணும் ஒரு பெரும்புள்ளி, பழைய குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர்களைக் காலி செய்யச்சொல்லி மிரட்டும் ஆட்கள், பயந்துபோன ஒரு வயதான அம்மாள். வானத்திலிருந்து பார்த்தால் தெரியாதது தெருவில் நின்றால் தெரிகிறது. படத்தால் முடியாத ஒன்றைத் தொடர் செய்யும் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

அந்தத் தொடரும் 2018-ல் நிறுத்தப்பட்டது. ஆனால் 2021 டிசம்பரில் ஸ்பைடர்மேன் படத்தில் பீட்டர் பார்க்கர் வீட்டுக்கு ஒரு வழக்கறிஞர் வந்தார். ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்த செங்கல்லைத் திரும்பாமலே கையால் பிடித்தார். அதே சார்லி காக்ஸ்! தியேட்டரில் பேரன் என் தொடையில் அறைந்த அறை இன்னும் வலிக்கிறது. பக்கத்தில் இருந்தவருக்கு அவர் யாரென்று தெரியவில்லை, ஆனாலும் சிரித்தார். கெட்டிக்கார வக்கீல் ஒருவர் வந்து போனார் என்பது அவருக்குப் போதும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

2019 இறுதியில் இரண்டு இலாகாவும் ஒன்றாக்கப்பட்டன. ஃபைகியின் பொறுப்பிலேயே தொடர்களும் வந்தன. 2021 ஜனவரியில் 'வாண்டாவிஷன்' தொடங்கியது. பட நடிகர்கள், படத்தின் தொடர்ச்சி, ஒன்பது எபிசோடுகள்.

வாண்டா என்ற பெண். விஷன் என்ற இயந்திர மனிதனைக் காதலிக்கிறாள். உலகத்தைக் காப்பாற்ற விஷனைத் தன் கையாலேயே அழிக்க வேண்டிய நிலை 'இன்ஃபினிட்டி வார்' படத்தில் அவளுக்கு வந்தது. அழித்தாள். அதற்கும் பலனில்லை. தானோஸ் காலத்தைத் திருப்பி அவனை உயிர்ப்பித்து, அவள் கண்ணெதிரே மறுபடி கொன்றான். தொடரில் அவள் வெஸ்ட்வியூ என்ற சின்ன ஊரில் விஷனோடு குடித்தனம் நடத்துகிறாள். இரட்டைக் குழந்தைகள். எல்லாம் பழைய டிவி நகைச்சுவைத் தொடர்போல இருக்கிறது. பிறகுதான் தெரிகிறது. துக்கம் தாங்காமல் அவளே மந்திரத்தால் உண்டாக்கிய குடும்பம் அது. அந்த ஊர்க்காரர்கள் அவளுடைய துக்கத்துக்குள் சிறைப்பட்டிருக்கிறார்கள்.

நான் அதை 2021 மே மாதம் பார்த்தேன். அப்போது என் மனைவியின் சேமிப்புக் கணக்கை நான் முடித்திருக்கவில்லை. வேலையில் இருந்தபோது எத்தனை பேருக்கு அந்தப் படிவத்தை எடுத்துக் கொடுத்திருப்பேன். "இறப்புச் சான்றிதழ் நகல் ஒண்ணு, நாமினி கையெழுத்து இங்கே, பத்து நிமிஷ வேலைம்மா" என்று. என் முறை வந்தபோது அந்தப் பத்து நிமிடத்துக்கு எட்டு மாதம் ஆயிற்று. அவர் போனுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வட்டி வரவு வைக்கப்பட்டது என்று அவர் பெயருக்கு வங்கியிலிருந்து செய்தி வரும். அதைப் படிப்பேன். அவருக்கு இன்னும் கணக்கு நடக்கிறது என்று ஒரு நினைப்பு. வாண்டாவின் ஊர் எனக்கு மந்திரமாகத் தெரியவில்லை.

கடைசி எபிசோடில் அவள் ஊர்க்காரர்களின் வேதனையைக் கண்டு, தானே மந்திரத்தைக் கலைக்கிறாள். குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு, கணவனிடம் விடைபெற்று, வெறும் மனையில் தனியாக நிற்கிறாள். பேரன் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ஆகஸ்டில் நான் வங்கிக்குப் போய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஆண்டு மே மாதம், 2022-ல், டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் இரண்டாம் படம் வந்தது. பேரனும் நானும் போனோம். நம் குடியிருப்பு நண்பர் ஒருவரும் வந்தார். தொடரை அவர் பார்த்ததில்லை. அந்தப் படத்தில் வாண்டாதான் வில்லி. தான் இழந்த குழந்தைகள் வேறொரு பிரபஞ்சத்தில் இருக்கிறார்கள் என்று தேடிப் போகிறாள், வழியில் நிற்பவர்களைக் கொல்கிறாள். இடைவேளையில் நண்பர் கேட்டார்: "என்ன சார் இந்தப் பொம்பளை? நல்லவளாத்தானே இருந்தா? புத்தி கெட்டுப்போச்சா?"

கையில் டீயோடு நான் அவருக்குப் பதில் சொல்ல முயன்றேன். ஒன்பது எபிசோடை ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியுமா? அவர்மேல் தவறில்லை. டிக்கெட் வாங்கி வந்தவர் அவர். வீட்டுப்பாடம் செய்துவிட்டு வா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இங்கேதான் எனக்கு டிராஃப்ட் நினைவுக்கு வந்தது. சில சமயம் டிராஃப்டோடு ஆள் வந்துவிடுவார், அட்வைஸ் வந்திருக்காது. தபால் தாமதம். அவரைத் திருப்பி அனுப்புவோமா? மாட்டோம். டிராஃப்டில் உள்ள கையெழுத்துகளைச் சரிபார்த்துப் பணம் கொடுத்துவிட்டு, 'எக்ஸ் அட்வைஸ்' என்று எழுதி வைப்போம். அட்வைஸ் வந்ததும் பதிவை நேர்செய்வோம். டிராஃப்ட் தன் காலிலேயே நிற்க வேண்டும், அட்வைஸ் வந்தால் கணக்கு முழுமையாகும். நல்ல இணைப்புக்கு இதுதான் இலக்கணம் என்று நினைக்கிறேன். தெரியாதவன் எதையும் இழக்கக் கூடாது, தெரிந்தவன் ஏதாவது பெற வேண்டும். செங்கல் பிடித்த வழக்கறிஞர் அப்படிப்பட்ட டிராஃப்ட். 'எண்ட்கேம்' படத்தில் ஜார்விஸ் என்ற கார் ஓட்டுநர் சில விநாடி வருவாரே, அவரும் அப்படித்தான். 'ஏஜென்ட் கார்ட்டர்' தொடரில் அதே பாத்திரமாக நடித்த ஜேம்ஸ் டார்சிதான் அவர். தெரியாதவருக்கு அவர் ஒரு டிரைவர், தெரிந்தவருக்குப் பழைய நண்பர். வாண்டாவின் டிராஃப்டோ அட்வைஸ் இல்லாமல் செல்லுபடியாகவில்லை.

2021, 2022 இரண்டே ஆண்டுகளில் 7 படங்கள், 8 தொடர்கள். 2008 முதல் 2019 வரை பதினோரு ஆண்டுகளில் வந்தவை 23 படங்கள். ஒப்பிட்டுப் பாருங்கள். 2023 நவம்பரில் வந்த 'தி மார்வெல்ஸ்' படத்தில் மூன்று நாயகிகள். ஒருவர் படத்திலிருந்து, இருவர் தொடர்களிலிருந்து. மார்வெல் படங்களிலேயே மிகக் குறைந்த வசூல் அதற்குத்தான். இத்தனைக்கும் அதில் வரும் கமலா கானின் 'மிஸ் மார்வெல்' தொடர் எனக்குப் பிடித்தது. 1947 பிரிவினையின் ரயில் நிலையக் காட்சி அதில் வருகிறது, பெரியவர்கள் கட்டாயம் பாருங்கள். அளவுக்கு மீறிவிட்டது என்று டிஸ்னி தலைவர் பாப் ஐகரே ஒப்புக்கொண்டு, ஆண்டுக்கு இரண்டு தொடர், அதிகபட்சம் மூன்று படம் என்று 2024-ல் குறைத்துவிட்டார்.

என் நோட்டைப் பற்றிக் கேட்பீர்கள். 2017 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' படத்தில், 2012 சண்டைக்குப் பிறகு "8 ஆண்டுகள் கழித்து" என்று போடுகிறார்கள். ஆனால் கதை 2016-ல் நடந்தவற்றுக்கு உடனடித் தொடர்ச்சி. நான்கு வருடம் உதைக்கிறது. பெரிய கண்டுபிடிப்பு என்று பேரனிடம் காட்டினேன். "தாத்தா, இதை உலகம் பூரா அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா நீங்களா கண்டுபிடிச்சதுக்கு பத்துக்கு எட்டு மார்க்" என்றான். ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அது.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் இந்தத் தலைப்பையே எடுத்தேன்.

2021 மார்ச்சில் கார் நிறுத்துமிடத்தில் நடந்த நம் பொதுக்குழுவில், லிஃப்ட் பராமரிப்புக் கணக்கில் 1,800 ரூபாய் வித்தியாசம் என்று அப்போதைய பொருளாளரிடம் நான் பேசிய பேச்சு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "கணக்குத் தெரியாதவர்கள் கணக்குப் புத்தகத்தைத் தொடக்கூடாது" என்று சொன்னேன். இரண்டு ரசீதுகள் அடுத்த மாதத்தில் பதிவாகியிருந்தன, அவ்வளவுதான். அவர் கணக்குச் சரி. அவர் அந்த ஆண்டே பொறுப்பிலிருந்து விலகினார். அந்த மாதம் முழுவதும் தன் தாயாரை வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கு அழைத்துப்போய்க்கொண்டே அவர் நம் கணக்கை எழுதினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்கும் அன்று முழுதாகத் தெரியாது. அவரும் நானும் மற்றவரின் இரண்டு நிமிடப் படத்தை மட்டும் பார்த்தோம், தொடரைப் பார்க்கவில்லை.

துக்கம் என்பதால் நான் பேசியது நியாயமாகிவிடாது. வாண்டாவின் துக்கத்துக்காக அந்த ஊர்க்காரர்கள் வேதனைப்பட்டது சரியாகிவிடாது என்று அந்தத் தொடரே சொல்கிறது. காரணம் வேறு, நியாயம் வேறு. அவர் வீட்டுக்குப் போய் முன்பே வருத்தம் தெரிவித்துவிட்டேன். ஆனால் பற்று எந்தப் புத்தகத்தில் விழுந்ததோ, வரவும் அதே புத்தகத்தில் விழ வேண்டும். அன்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். இன்று எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், சார்.

நாம் நூற்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள், ஒரே கேட், ஒரே தண்ணீர்த் தொட்டி. லிஃப்டில் நாற்பது விநாடி பார்க்கிறோம், பொதுக்குழுவில் இரண்டு மணி நேரம் பார்க்கிறோம். எல்லோர் வீட்டு அட்வைஸும் நமக்கு வந்து சேராது, வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. அட்வைஸ் வராவிட்டாலும் கவுண்டரில் வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்பாமல் இருந்தால் போதும்.

பேரப்பிள்ளைகளோடு பார்க்க விரும்புவோருக்கு என் வரிசை: அயர்ன் மேன் (2008), கேப்டன் அமெரிக்காவின் முதல் படம் (2011), தி அவெஞ்சர்ஸ் (2012), விண்டர் சோல்ஜர் (2014), சிவில் வார் (2016), இன்ஃபினிட்டி வார் (2018), எண்ட்கேம் (2019). ஏழு படம், ஏழு ஞாயிற்றுக்கிழமை. ஆங்கிலம் வேகமாகப் போனால் தமிழ் டப்பிங்கில் பாருங்கள், 'எண்ட்கேம்' படத்தில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி பேசியிருக்கிறார். பிறகு வாண்டாவிஷன். அதன் முதல் இரண்டு எபிசோடும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் இருக்கும், டிவி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நடுவில் சந்தேகம் வந்தால் குழந்தைகளிடம் கேளுங்கள். தெரியாத மாதிரி கேட்க வேண்டியதில்லை, உண்மையாகவே நமக்குத் தெரியாது. அவர்களுக்கு அதில்தான் சந்தோஷம்.

என் நோட்டு இப்போது மூன்றாவது நோட்டாகிவிட்டது. பார்க்க விரும்பும் குழந்தைகள் மாலை ஆறு மணிக்குமேல் பூங்கா பெஞ்சுக்கு வரலாம். தவறு கண்டுபிடிப்பவர்களுக்குக் கடலை மிட்டாய் உண்டு.